தீப்பெட்டி ரயிலும் கரிசல் தண்டவாளமும்

கோவில்பட்டி ஸ்டேஷனில் மத்தியான வெயிலுக்கு ஒதுங்கி நிற்பவர்களுக்கு ரெண்டு விஷயம் நிச்சயம் கிடைக்கும். ஒன்று, கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்குரியது. இன்னொன்று, நிற்காமல் போகும் சரக்கு ரயில். தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் கூட்ஸ் வண்டி, பிளாட்பாரமே அதிர, ஐம்பதுக்கு மேற்பட்ட வேகன்களை இழுத்துக்கொண்டு வடக்கே போகும். பிளாட்பாரத்தில் நிற்கும் குழந்தைகள் வாய்விட்டு வேகன்களை எண்ணுவார்கள். முப்பதுக்கு மேல் கணக்குத் தப்பிவிடும்.

கடைசி வேகன் வளைந்து மறையும்போது எந்தக் குழந்தையும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. 'ஸ்டியரிங் இல்லையே, அப்புறம் எப்படித் திரும்புது?' பெரியவர்கள் பலருக்கும் பதில் தெரியாத கேள்வி இது. இந்தக் கரிசல் சீமையில், அந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துப் பாடு இருக்கிறது.

தீப்பெட்டியில் ஆரம்பிக்கலாம்

தீப்பெட்டி ஊரில் ரயில் பொம்மைக்குக் கடை தேடிப் போக வேண்டியதில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை என்று இந்த வட்டாரம் முழுக்கத் தீப்பெட்டித் தொழில்தான். காலிப் பெட்டிகளைச் சேர்த்து, ஒன்றின் உள்தட்டைப் பாதி இழுத்து அடுத்ததில் செருகினால் ரயில் தயார். நூலில் கோத்தால் இன்னும் நீளமான ரயில்.

நேராக இழுக்கிறவரை சமர்த்தாக வரும். திண்ணை முனையில் திருப்பினால்தான் சேட்டை ஆரம்பிக்கும். நடுவில் உள்ள பெட்டிகள் வளைவைச் சுற்றி வராமல், குறுக்கு வழியாக உள்பக்கம் இழுபட்டுச் சாயும். வேகமாக இழுத்தால் முன்பெட்டி திரும்பிய பிறகு கடைசிப் பெட்டி வெளியே வீசப்பட்டுக் கவிழும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிட்டிகை கரிசல் மண்ணைப் போட்டுப் பார்த்தால், அதே வளைவில் ரயில் ஒழுங்காக வரும்.

இந்த ஒரு சிட்டிகை மண்ணில், ரயில்வே பொறியாளர்களும் மாடல் ரயில் கட்டும் பிரியர்களும் கற்றுக்கொண்ட முதல் பாடம் இருக்கிறது. காலி வண்டிதான் முதலில் தடம் புரளும்.

குமாரபுரம் வழியாக

மதுரையிலிருந்து தெற்கே தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் வந்தது 1876-ல். தென்னிந்திய ரயில்வே என்ற பிரிட்டிஷ் கம்பெனி போட்ட மீட்டர்கேஜ் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர். 1990-களில் அது அகலப்பாதை ஆனது. இடைவெளி 1,676 மில்லிமீட்டர். சமீப ஆண்டுகளில் இரட்டைப் பாதையும் வந்துவிட்டது.

கோவில்பட்டியிலிருந்து தெற்கே போகும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முதலில் வருவது குமாரபுரம். எக்ஸ்பிரஸ்கள் திரும்பிக்கூடப் பார்க்காத சிறிய ஸ்டேஷன். ஆனால் தமிழ்ச் சிறுகதை வாசகர்களுக்கு அது பெரிய ஜங்ஷன். கு. அழகிரிசாமியின் 'குமாரபுரம் ஸ்டேஷன்' கதை இதன் பெயரில்தான். அழகிரிசாமிக்கும், அவர் நண்பர் கி. ராஜநாராயணனுக்கும் சொந்த ஊர் பக்கத்திலுள்ள இடைசெவல். இருவரும் பிறந்ததும் ஒரே வருஷம், 1923.

அடுத்து கடம்பூர். போளிக்குப் பேர்போன ஊர். அப்புறம் வாஞ்சி மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்த ஜங்ஷனில். இங்கே பாதை பிரிகிறது. ஒன்று தூத்துக்குடிக்கு, இன்னொன்று திருநெல்வேலிக்கு.

வழியெல்லாம் கரிசல்தான். ஒரு பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் உளுந்து, பாசி, பருத்தி. மேற்குத் தொடர்ச்சி மலை தூரத்தில் நீலக் கோடாகத் தெரியும். சமவெளி என்பதால் மலைப்பாதை போலக் கொடிய வளைவுகள் கிடையாது. அப்படியானால் இந்தப் பாதையில் ரயிலை ஒழுங்காக ஓட வைப்பது சுலபம்தானே? அங்கேதான் மண் குறுக்கே நிற்கிறது.

சக்கரத்தில் இருக்கிறது சூட்சுமம்

மண்ணைப் பார்க்கும் முன் சக்கரத்தைப் பார்த்துவிடலாம். வீட்டில் இரண்டு பேப்பர் கப்புகளை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். நடுவில் பருத்து, இரு முனையிலும் சிறுத்த ஓர் உருளை கிடைக்கும். இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம் போலச் சரிவாக வைத்து அதை உருட்டிவிட்டால், கொஞ்சம் இடதுபுறமோ வலதுபுறமோ விலகினாலும் தானே நடுவுக்குத் திரும்பிவிடும். அடியோடு அடி வைத்து ஒட்டி உருட்டினால் உடனே விழுந்துவிடும்.

ரயில் சக்கரமும் முதல் வகைதான். பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும், தண்டவாளத்தில் பதியும் பரப்பு லேசான கூம்பு. பழைய கணக்குப்படி 20-க்கு 1 என்ற சரிவு. உள்பக்கம் பெருத்து, வெளிப்பக்கம் சிறுத்திருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால், ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்ற வழியில்லை.

வளைவிலோ வெளித் தண்டவாளம் நீளம் அதிகம். அகலப்பாதையில் ஒரு கால் வட்டம் திரும்பி முடிப்பதற்குள் வெளித் தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட ஏறக்குறைய 2.75 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. இதை ஈடுகட்டத்தான் கூம்பு. வளைவில் அச்சு சற்றே வெளிப்பக்கம் நகரும். வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியில் ஓடும், உள்சக்கரம் சிறுத்த பகுதியில் ஓடும். ஒரே சுற்றில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போய்விடும். வண்டி தானாகத் திரும்பும்.

வளைவு அதிகமானால் கூம்பு மட்டும் போதாது. அப்போது சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தில் உரசி வண்டியைத் திருப்பும். அந்தக் கீச்சென்ற சத்தம் அதுதான். புதுச் சக்கரத்தில்கூட இந்த விளிம்பின் உயரம் 28.5 மில்லிமீட்டர்தான். ஒரு கட்டைவிரல் கணுவளவு இரும்பு.

விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறாமல் இருப்பது ஒரு விகிதத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் தள்ளும் விசை எவ்வளவு, மேலிருந்து அழுத்தும் எடை எவ்வளவு என்ற விகிதம். நடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதற்குக் கொடுத்த சூத்திரம் உலகமெங்கும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், தள்ளுவது கூடினாலும் ஆபத்து, அழுத்துவது குறைந்தாலும் ஆபத்து.

நிலக்கரி ஏற்றும் 'பாக்ஸ்-என்' வேகன் நிறைந்திருக்கும்போது சுமார் 81 டன். எட்டுச் சக்கரத்துக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் பத்து டன். காலியாகத் திரும்பும்போது மொத்தமே 22.5 டன். ஒரு சக்கரத்துக்கு மூன்று டன்கூட இல்லை. தீப்பெட்டிக்குள் மண் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கரிசல் போடும் முறுக்கு

கரிசல் மண்ணுக்கு இரண்டு முகம். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, விரல் நுழையும், சில இடத்தில் கையே நுழையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விழுந்தால் அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பும். நடந்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும். மண்ணில் உள்ள ஒருவகைக் களிமண் கனிமத்தின் குணம் அது. இந்தக் குணம்தான், பெய்த கொஞ்ச மழையையும் பிடித்து வைத்துக்கொண்டு மானாவாரியில் பருத்தியும் பயறும் விளைய வைக்கிறது. கோவில்பட்டியில் நூறாண்டு கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இந்த மண்ணுக்காகத்தான்.

விவசாயிக்கு வரமான அதே குணம், தண்டவாளம் போடுகிறவருக்குத் தலைவலி. சுருங்கி விரியும் மண் எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. மழையில் குழைந்த மண் மேலே உள்ள ஜல்லிக்குள் ஏறும். ஜல்லி கீழே இறங்கும். இடது தண்டவாளம் ஓரிடத்தில் லேசாக இறங்கும், நாலு எட்டு தள்ளி வலது தண்டவாளம் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாதையில் ஒரு முறுக்கு விழுந்துவிட்டது.

முறுக்கு ஏன் மோசம்? மேடுபள்ளமான வாசலில் நாற்காலியைப் போட்டவர்களுக்கு விளங்கும். நாலு கால் ஒரே மட்டத்தில் நிற்காது, ஒன்று தூக்கிக்கொண்டு ஆடும். முக்காலியை எங்கே போட்டாலும் மூன்று காலும் பதியும். வேகனும் நாலு மூலை உள்ள கட்டில்தான். பாதை முறுக்கினால் ஒரு மூலையில் எடை குறையும். அந்த மூலைச் சக்கரம் வளைவின் வெளிப்பக்கத்தில் இருந்து, வேகன் காலியாகவும் இருந்தால், தள்ளும் விசை அப்படியே இருக்க, அழுத்தும் எடை மட்டும் இல்லாமல் போகும். விளிம்பு ஏறிவிடும்.

வளைவில் இன்னொரு சங்கடமும் உண்டு. வேகமாகப் போகும் எக்ஸ்பிரஸ் வெளியே வீசப்படாமல் இருக்க, வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவார்கள். அகலப்பாதையில் அதிகபட்சம் 165 மில்லிமீட்டர் வரை. அதே வளைவில் மெதுவாக ஊர்ந்து வரும் கூட்ஸுக்கு அந்த உயரம் அதிகம். எடை உள்பக்கம் சாய்ந்து, வெளிச்சக்கரம் லேசாகும். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில் உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டியிருப்பதால், அங்கே முறுக்கு நல்ல பாதையிலும் கட்டாயம் இருக்கும். அதன்மேல் மண்ணின் முறுக்கும் சேர்ந்தால் தாங்காது.

இதற்கு ரயில்வே செய்யும் வைத்தியம் மூன்று. முதலாவது, கரிசலுக்கும் ஜல்லிக்கும் நடுவே நல்ல கிராவலும் மணலும் கலந்த தடிப்பான அடுக்கு. வீட்டுத் தரைக்கு அடியில் மணல் பரப்புவது மாதிரி. இரண்டாவது, தண்ணீர் தேங்காத வாய்க்கால். மூன்றாவது வேகனிலேயே இருக்கிறது. நாலு நாலு சக்கரமாகப் 'போகி' என்ற தனிச் சட்டத்தில் பொருத்தி, அதன் நடுக்குமிழின் மேல் வேகனை உட்காரவைத்து, ஸ்பிரிங்கும் சிறிது ஆட்டமும் கொடுப்பார்கள். பாதை முறுக்கினாலும் போகி தனியாகச் சாய்ந்து, எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

மேஜைமேல் ஓடும் கூட்ஸ்

இதே பாடத்தைச் சிறிய அளவில் படித்தவர்கள் மாடல் ரயில் பிரியர்கள். உலகில் அதிகம் புழங்கும் அளவு 'எச்.ஓ.' அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் நாட்டில் இதைப் பார்க்கப் புனே போகலாம். கோத்ருடில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தில் ஊரையே சிறியதாகக் கட்டி ரயில் விடுகிறார்கள்.

மாடலில் வளைவு ரொம்பக் கொடுமை. நம் அகலப்பாதையில் மிகக் கடுமையான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். வீட்டு மேஜையில் அவ்வளவு இடம் ஏது? 18 அங்குல ஆரத்தில் திருப்பிவிடுவார்கள். அசலில் அது 40 மீட்டர் ஆரம். எந்த எக்ஸ்பிரஸும் திரும்ப முடியாத வளைவு. அதனால்தான் பிறந்தநாளுக்கு வாங்கிய ரயில் செட்டில் சரக்குப் பெட்டி மட்டும் அடிக்கடி விழுகிறது. எஞ்சின் கனம், பெட்டி லேசு.

என்ன செய்யலாம்? 1935-ல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் ஒரு எளிய கணக்குச் சொல்கிறது. எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். நம் பாக்ஸ்-என் வேகன் நீளம் 10.7 மீட்டர். மாடலில் 12 சென்டிமீட்டர் வரும். கணக்குப்படி எடை சுமார் 97 கிராம். அசல் வேகனின் எடையை நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் சேர்த்து மூன்று தடவை 87-ஆல் வகுத்தால், நிறைந்த வேகனுக்கு 123 கிராம், காலி வேகனுக்கு 34 கிராம் வருகிறது. அதாவது, மாடலில் காலிப் பெட்டியாகத் தெரிந்தாலும், முக்கால்பங்கு நிறைந்த கனம் உள்ளே இருக்க வேண்டும். பெட்டியின் தரையில், உயரம் வைக்காமல், இரும்பு நட்டுகளை ஒட்டினால் போதும். எல்லாப் பெட்டியும் ஏறக்குறைய ஒரே கனமாக இருப்பது முக்கியம். கனமான பெட்டிகளுக்கு முன்னால் ஒரு லேசான பெட்டி மாட்டினால், வளைவில் அது உள்பக்கம் இழுபட்டு விழும். நூலில் கோத்த தீப்பெட்டியின் கதை.

அடுத்து, முக்காலி வைத்தியம். பெட்டியின் அடியில் இரண்டு போகியையும் திருகாணி போட்டுப் பிடித்திருப்பார்கள். ஒரு போகியின் திருகாணியை, அது தாராளமாகத் திரும்பும், ஆனால் பக்கவாட்டில் ஆடாது என்ற அளவுக்கு முடுக்க வேண்டும். இன்னொன்றைச் சற்றுத் தளர்த்தி, திரும்பவும் ஆடவும் விட வேண்டும். ஆடாத போகி இரண்டு கால், ஆடும் போகி ஒரு கால். பெட்டி முக்காலியாகிவிடும். தண்டவாளம் லேசாக முறுக்கினாலும் எட்டுச் சக்கரமும் பதிந்தே ஓடும்.

மிச்சமெல்லாம் பொறுமை. ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி சரியா, சக்கரத்தில் தலைமுடியோ பஞ்சோ சுற்றியிருக்கிறதா, கொக்கிகள் ஒரே உயரமா, தண்டவாள இணைப்பில் விரலை ஓட்டினால் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இடதுவளைவு முடிந்ததும் வலதுவளைவு தொடங்கினால், நடுவே ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்ப்பாதை வேண்டும். பெட்டி ஒரே இடத்தில் விழுந்தால் கோளாறு பாதையில். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் விழுந்தால் கோளாறு பெட்டியில்.

ராத்திரி நடப்பவர்கள்

மேஜையில் விழுந்த பெட்டியை இரண்டு விரலால் தூக்கி வைத்துவிடலாம். கரிசலில் அது நடக்காது.

1956 நவம்பர் 23 அதிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூர் பக்கம் மருதையாற்றில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்துக் கரையை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த வண்டி அன்று ஒழுங்காக வந்திருந்தால் சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் வழியாகத்தான் போயிருக்கும். அதில் வந்தவர்களில் இந்தச் சீமைக்காரர்கள் எத்தனையோ பேர்.

2023 டிசம்பர் 17 இரவு. தென்மாவட்டங்களில் பெருமழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பேர் ஸ்டேஷனிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் தவித்தார்கள். ஆனால் வண்டி கவிழவில்லை. நேரத்தில் நிறுத்தியதால் தப்பினார்கள்.

இரண்டு சம்பவத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம், பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். கீமேன் ஒவ்வொரு நாளும் தன் எல்லைக்குள் பாதையோரமே நடந்து, தளர்ந்த கிளிப்பைத் தட்டி இறுக்கி, இறங்கிய ஜல்லியைக் குறித்துக்கொள்வார். மழைக்காலத்தில் இரவு ரோந்து தனி. தோளில் பை, கையில் மூவர்ண விளக்கு, ஆபத்தென்றால் தண்டவாளத்தில் வைத்து வெடிக்க டெட்டனேட்டர். ஒருவர் இந்தப் பக்கமிருந்தும், இன்னொருவர் அந்தப் பக்கமிருந்தும் நடந்து வந்து, நடுவில் சந்தித்து ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார்கள். ஏ.சி. பெட்டியில் போர்த்திப் படுத்திருப்பவருக்கு இவர் முகம் தெரியாது. ஜன்னலில் ஒரு விளக்கு வெளிச்சம் கடந்துபோகும், அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்கு

சென்னையிலிருந்து முத்துநகர், நெல்லை எக்ஸ்பிரஸ்கள் கோவில்பட்டியில் நிற்கும். மதுரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். கழுகுமலை வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் மேற்கே, பாரதி பிறந்த எட்டயபுரம் கிழக்கே, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு தெற்கே. எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்த்துவிடலாம். மார்கழி, தை நல்ல மாதங்கள். மழை விட்டு, கரிசல் பச்சைப் பிடித்திருக்கும்.

திரும்பும்போது கடலை மிட்டாயோடு நாலு தீப்பெட்டியும் வாங்கி வரலாம். குச்சிகள் தீர்ந்ததும் பிள்ளைகளிடம் பெட்டிகளைக் கொடுத்தால், ரயில் அவர்களே செய்துகொள்வார்கள். வளைவில் கவிழ்ந்தால் உள்ளே கொஞ்சம் மண் போடச் சொல்ல வேண்டும். கரிசல் மண்தான் வேண்டும் என்பதில்லை, எந்த ஊர் மண்ணும் ஆகும்.